ஒரு பவுண்டுக்கு விலைபோன பெருங்கொட்டகை

2006ஆம் ஆண்டில் லண்டனின் மேற்கு ஓரத்தில் ஒரு கட்டடம் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. இடிந்து கிடந்த குட்டிச்சுவர் இல்லை அது. இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் முதல் தரத்தில், வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றக் கட்டடம் இருக்கும் அதே வரிசையில் இருப்பது. கூரை நின்றது, தூண்கள் நின்றன, ஐந்நூற்றெண்பது வருஷத்து மரம் பெரும்பாலும் அப்படியே இருந்தது. வாங்கியது ஜிப்ரால்டரில் பதிவான ஒரு நிறுவனம். அரசு சார்ந்த அமைப்புகளுக்கும் அதே விலைக்கு வாய்ப்பு வந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

அது ஒரு பண்ணைக் கொட்டகை. ஹார்மண்ட்ஸ்வொர்த் என்ற ஊரில், ஹீத்ரோ விமான நிலையத்துக்கு வடக்கே, புனித மேரி தேவாலயத்தின் பக்கத்தில் நிற்கிறது. கவிஞர் ஜான் பெட்ஜமன் இதை மிடில்செக்ஸின், அதாவது இந்த ஊர் இருந்த பழைய மாவட்டத்தின், பேராலயம் என்று சொன்னது பிரபலம். எனக்கு அந்தப் பட்டத்தில் கொஞ்சம் தயக்கம் உண்டு. கோயிலாகப் பார்க்க ஆரம்பித்தால் உள்ளே என்ன வேலை நடந்தது என்று கேட்கத் தோன்றாது. இந்தக் கட்டடம் இவ்வளவு காலம் தாங்கியதற்குக் காரணமே அந்த வேலைதான். உள்ளே அடுக்க ஏதாவது விளைச்சல் இருந்தவரை, உடைந்த ஓட்டை மாற்ற ஒருவர் கூரை ஏறினார். அந்த வேலை நின்று ஏறத்தாழ முப்பது வருஷத்தில் விலை ஒரு பவுண்டு ஆகிவிட்டது.

யாருடைய கொட்டகை

நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த முதலாம் வில்லியம், ஹார்மண்ட்ஸ்வொர்த் பண்ணையை பிரான்சின் ரூவான் நகரத்து மடம் ஒன்றுக்குக் கொடுத்தார். அதாவது இங்கே விளைந்ததன் லாபம் கடல் தாண்டிப் போனது. குடியானவர்களுக்கும் மடத்துக்கும் ஓயாத தகராறு. 1270களில் அவர்கள், இது ஆதியில் அரசருடைய நிலம், ஆகவே எங்களிடம் இஷ்டத்துக்கு வரியும் வேலையும் கேட்க முடியாது என்று வழக்காடினார்கள். 1086இன் டூம்ஸ்டே நிலக் கணக்கைப் புரட்டிப் பார்த்தால் அதில் அப்படி இல்லை. வழக்கு தோற்றது. பிறகு கைகலப்பும் மிரட்டலும் வரை போனது. கொட்டகைக்குள் கதிர்க்கட்டைச் சுமந்து வந்தவர்கள் யார், அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை இந்த வழக்கை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

பிரான்சுடன் நூறாண்டுப் போர் நடந்தபோது எதிரி நாட்டு மடங்களின் சொத்து இங்கிலாந்து மன்னர்களுக்குக் கண்ணை உறுத்தியது. பல மடங்கள் விற்றுவிட்டுப் போகவே விரும்பின. வின்செஸ்டர் பிஷப் வில்லியம் ஆஃப் விக்கம் 1391இல் ஹார்மண்ட்ஸ்வொர்த்தை வாங்கினார். 1382இல் தான் நிறுவிய வின்செஸ்டர் கல்லூரிக்கு நிரந்தர வருமானம் வேண்டும் என்பது அவர் கணக்கு. கல்லூரி என்று பெயர் இருந்தாலும் அது பள்ளிக்கூடம்; இன்றும் நடக்கிறது. ஆக இந்தக் கொட்டகையில் அடித்த கோதுமை, வேறோர் ஊரில் பையன்கள் லத்தீன் படிக்க ஆன செலவு.

இந்த வகைக் கட்டடங்களைப் பார்த்தாலே 'டைத் பார்ன்', அதாவது தேவாலயத்துக்குச் சேரும் பத்தில் ஒரு பங்கை வைக்கும் கொட்டகை, என்று சொல்லிவிடும் பழக்கம் இங்கிலாந்தில் உண்டு. ஹார்மண்ட்ஸ்வொர்த்தையும் அப்படித்தான் அழைத்துவந்தார்கள். அது தவறு. இது நிலவுடைமையாளரின் சொந்தப் பண்ணை விளைச்சலுக்காகக் கட்டியது. பத்தில் ஒரு பங்குக்கு இவ்வளவு பெரிய இடம் தேவையே இல்லை.

அளவும் வயதும்

நீளம் 58.55 மீட்டர், அதாவது 192 அடி. அகலம் 37 அடி, உயரம் 39 அடி. மேலே பறந்து போகும் போயிங் 787-8 விமானத்தின் நீளம் 56.7 மீட்டர், நீளவாக்கில் மூக்கிலிருந்து வால் வரை இதற்குள் படுத்துவிடும், இறக்கைக்கும் வாலின் உயரத்துக்கும்தான் இடமிருக்காது. உள்ளே ஏறத்தாழ 4,890 கன மீட்டர் வெற்றிடம். இரு முனைக்கும் இடையே பன்னிரண்டு அங்கணங்கள், அதாவது ஒரு மரச்சட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள பகுதிகள். பன்னிரண்டு அங்கணத்துக்குப் பதின்மூன்று மரச்சட்டங்கள்.

கட்டிய வருஷத்தைப் பற்றி இப்போது பெரிய சர்ச்சை இல்லை. இரண்டு வழியில் ஒரே விடை கிடைத்திருக்கிறது. ஒன்று, மர வளையம். ஓக் மரம் மழை நன்றாகப் பெய்த வருஷம் அகல வளையமும் வறண்ட வருஷம் ஒல்லி வளையமும் போடும். அந்த வரிசையைத் தேதி தெரிந்த மரங்களின் வரிசையோடு ஒப்பிட்டால் எந்த வருஷம் வெட்டியது என்று தெரியும். பட்டைக்கு அடியிலிருந்த கடைசி வளையமும் தப்பியிருந்தால் எந்தப் பருவத்தில் என்றுகூடச் சொல்லலாம். இந்த மரங்கள் 1424க்கும் 1426 வசந்தத்துக்கும் இடையில் வெட்டியவை. இரண்டாவது, கல்லூரியின் கணக்குச் சுருள்கள். வில்லியம் கிப்பிங் என்ற தச்சரும் ஜான் அட் ஓக் என்பவரும் மரம் தேடி தேம்ஸ் கரையிலுள்ள கிங்ஸ்டனுக்குப் போன செலவு அதில் ஏறியிருக்கிறது. இப்படி மரமும் எழுத்தும் ஒத்துப்போகும் பண்ணைக் கட்டடங்கள் அபூர்வம். இதைவிடப் பழைய கொட்டகைகள் இங்கிலாந்தில் உண்டு. எசெக்ஸின் கிரெஸ்ஸிங் டெம்பிளில் நிற்கும் இரண்டும் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆனால் தச்சரின் பெயர் தெரியாது.

கட்டிய காலம் கொஞ்சம் விசித்திரமானது. 1348–49இன் கொள்ளைநோய்க்குப் பிறகு ஆள் பஞ்சம், கூலி ஏறிவிட்டது. தாங்களே பயிர்செய்து கட்டுப்படியாகாமல் நிலவுடைமையாளர்கள் பண்ணையைக் குத்தகைக்கு விட ஆரம்பித்திருந்தார்கள். அந்த நேரத்தில் போய் இவ்வளவு பெரிய கொட்டகை எதற்கு? எனக்குப் படுவது இதுதான்: நல்ல குத்தகைதாரர் கிடைக்க வேண்டுமென்றால் நல்ல கொட்டகை இருக்க வேண்டும். பயிர் குத்தகைக்காரன் பாடு, கட்டடம் உடைமையாளர் பாடு என்பது அங்கே பொதுவான ஏற்பாடு. அதோடு, பள்ளிக்கூடம் சாகாத உடைமையாளர். ஒரு பிரபு தன் ஆயுளுக்குக் கட்டுவார்; இந்த மாதிரி நிறுவனம் தன் காலத்துக்கு அப்புறமும் யோசிக்கும்.

தச்சு

வெளியிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் கூரைதான். சுவர் தாழ்ந்தது, செங்குத்துப் பலகை அடித்தது. அதன்மேல் களிமண் ஓடு வேய்ந்த சரிவு மேலே மேலே போய்க்கொண்டே இருக்கிறது. பலகைகளில் சில முதலில் அடித்தவை என்கிறார்கள். கதவுகள் கிழக்குப் பக்கம் மட்டும், மூன்று இடத்தில். கதிர் ஏற்றிய வண்டி நேராக உள்ளே வரும் அளவுக்கு உயரம்.

உள்ளே நுழைந்தால் அமைப்பு சட்டென்று புரிகிறது. நடுவில் உயரமான கூடம், இரண்டு பக்கமும் தாழ்வாரம் மாதிரி சரிந்த பத்தி. கூடத்தையும் பத்தியையும் பிரிப்பது இரண்டு வரிசைத் தூண்கள். ஒரே மரத்தால் 37 அடி அகலத்தைத் தாண்டுவது கஷ்டம். நடுக்கூடத்துக்கு மட்டும் உத்தரம் போட்டு, மிச்சத்தைப் பக்கப் பத்திகளுக்கு ஒப்படைத்தால் சாதாரண நீள மரங்களே போதும். தேவாலயங்களிலும் இதே கணக்குத்தான், அங்கே கல்லில் செய்தார்கள். பெட்ஜமனின் பட்டத்துக்கு மூலம் இதுதான்.

ஒரு தூணைக் கீழிருந்து மேலாகப் பார்ப்போம். அடியில் ரைகேட் மணற்கல் பாளம், சர்ரே பக்கத்துக் கல். மரம் மண்ணைத் தொடக் கூடாது என்பதற்காக அது. மண்ணில் புதைத்த தூண் ஒரு தலைமுறை இரண்டு தலைமுறையில் அடி அழுகி உட்கார்ந்துவிடும். கல்லின்மேல் ஏற்றிய தூணுக்குக் கூரை மட்டும் ஒழுகாமல் இருந்தால் சாவில்லை. அப்புறம் தூண்: பக்கத்துக்கு ஏறத்தாழ 14 அங்குலம், ஒரு முழு ஓக் மரத்தைச் சதுரமாக இழைத்தது. மேலே போகப் போக அது அகலமாகிறது. வளர்ந்த மரம் அப்படி இருக்காதே? ஏனென்றால் மரத்தைத் தலைகீழாக நட்டிருக்கிறார்கள். வேர்ப்பக்கம் மேலே, கிளைப்பக்கம் கீழே.

தலைகீழாக நட்டால் ஈரம் மேலே ஏறாது என்று ஒரு பேச்சு உண்டு. நான் அதை நம்பவில்லை. கீழே கல் இருக்கும்போது ஈரத்துக்கு வேறு தடை எதற்கு? உண்மையான காரணம் தூணின் உச்சியில் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. அங்கே இரண்டு பெரிய மரங்கள் ஒரே இடத்தில் வந்து உட்காருகின்றன: கட்டடத்தின் நீளவாக்கில் தூண் விட்டுத் தூண் ஓடும் வளை ஒன்று, குறுக்கே எதிர்த் தூணுக்குப் போகும் உத்தரம் ஒன்று. இரண்டுக்கும் தனித்தனிக் கழுந்து, அதாவது இன்னொரு மரத்தின் துளைக்குள் போய் உட்காரும் முனை, வெட்டித் தூணின் தலையிலேயே இறக்க வேண்டும். ஒல்லியான தலையில் இரண்டு கழுந்து வெட்டினால் மிச்சம் ஒன்றுமிருக்காது, பிளந்துவிடும். வேர்ப்பக்கத்தின் பருமன் அந்த இடத்துக்குத்தான் தேவைப்பட்டது. தூணிலிருந்து வளைந்த கைகள் மேலே போய் உத்தரத்தையும் வளையையும் தாங்குகின்றன. அந்த வளைவும் பெரும்பாலும் வெட்டி எடுத்ததில்லை. வளைந்து வளர்ந்த கிளையாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள்.

மரத்தைக் காயவைத்துத்தான் வேலைசெய்ய வேண்டும் என்று நம் ஊர்த் தச்சர்கள் சொல்வார்கள். ஓக் விஷயத்தில் அங்கே வழக்கம் நேர்மாறு. காய்ந்த ஓக் உளியை மதிக்காது. ஆகவே வெட்டிய ஈரத்தோடே கோடாலியால் சதுரித்து, துளை போட்டு, கழுந்து செதுக்கி, ஆணியில்லாமல் மர முளை அடித்துக் கோத்தார்கள். கழுந்தின் ஓட்டையையும் துளையின் ஓட்டையையும் நேராக வைக்காமல் ஒரு மயிரிழை தள்ளிப் போடுவது வழக்கம். முளை உள்ளே போகும்போது பொருத்து இழுத்து இறுகும். பிறகு நின்ற இடத்திலேயே வருஷக்கணக்காகக் காயும். காயும்போது மரம் முறுக்கும், சுருங்கும், ஆனால் பொருத்து விடாது. பழைய ஓக் தூண்களில் ஆள் விரல் போகும் அளவுக்கு வெடிப்பு இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அது காய்ந்த அடையாளம்தான்.

முழுச் சட்டத்தையும் முதலில் தரையில் படுக்கவைத்துக் கோத்துப் பார்ப்பார்கள். சரியாக வந்தால் ஒவ்வொரு பொருத்திலும் ரோமன் எண்ணை உளியால் கீறிவிட்டுப் பிரிப்பார்கள். பிறகு தூக்கி நிறுத்தும்போது மூன்று கோடு போட்டது மூன்று கோடு போட்டதோடு சேரும். ரோமன் எண் ஏன் என்றால் அதில் வளைவு கிடையாது. உளியின் நேர் விளிம்பை வைத்து ஓர் அடி அடித்தால் ஒரு கோடு. படிக்காதவரும் எண்ணிவிடலாம்.

உள்ளே என்ன நடந்தது

தமிழ் வாசகருக்கு ஒரு குழப்பம் வரலாம். களஞ்சியம் என்றதும் நாம் நினைப்பது நெல் கொட்டிவைத்த குதிர், பத்தாயம் இவற்றை. இது அது இல்லை. இங்கே உள்ளே வந்தது தானியம் இல்லை. அடிக்காத கதிர், தாளோடு, கட்டுக் கட்டாக. கோதுமை, பார்லி, ஓட்ஸ். அதனால்தான் இவ்வளவு இடம். அதே விளைச்சலை மணியாக்கிவிட்டால் இந்தக் கட்டடத்தின் ஒரு மூலை போதும்.

ஏன் அடிக்காமல் உள்ளே கொண்டுவர வேண்டும்? வானிலைதான். காவிரிக்கரையில் மழை ஓய்ந்து தையில் அறுக்கிறோம். வெயில் துணைக்கு இருக்கிறது, களத்தில் போட்டு அடித்து, தூற்றி, அன்றே மூட்டை கட்டலாம். தென் இங்கிலாந்தில் ஆகஸ்ட், செப்டம்பரில் அறுவடை. அதற்குப் பின்னால் காத்திருப்பது மழையும் இருட்டும். அடிக்கும் வேலை மாதக்கணக்கில் இழுக்கும், ஆகவே களத்துக்கே கூரை போட்டுவிட்டார்கள். ஹார்மண்ட்ஸ்வொர்த் கொட்டகையை மூன்று உள்களம் உள்ள ஒரு பெரிய கதிர்ப்போர் என்று நினைத்துக்கொண்டால் அமைப்பு முழுவதும் விளங்கிவிடும். மூன்று கதவு, ஒவ்வொரு கதவுக்கு நேராக ஒரு களம், களத்துக்கு இருபுறமும் உள்ள அங்கணங்களில் உத்தரம் தொடும் உயரத்துக்குக் கதிர்க்கட்டு.

அடிக்க மாடு கட்டிப் போரடிப்பது இல்லை. இரண்டு கோலைத் தோல்வாரால் இணைத்த கருவி. நீளக் கோலைக் கையில் பிடித்துச் சுழற்றினால் குட்டைக் கோல் கதிர்மேல் தட்டையாக விழும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி அடிப்பார்கள். தாளம் தப்பினால் எதிரில் இருப்பவன் மண்டை. இலையுதிர் காலத்தில் ஆரம்பித்து வசந்தம் வரை இதே வேலை. கதவைத் திறந்துவைத்துக் காற்றில் தூற்றினால் பதர் பறக்கும், மணி நிற்கும். வைக்கோல் மாட்டுக்கும் கூரைக்கும் படுக்கைக்கும். பலகைச் சுவர்களின் இடுக்கு வழியாகக் காற்று ஊடாடிக்கொண்டே இருப்பதால் உள்ளே இருக்கும் கதிர் புழுங்காது. சன்னல் இல்லாத கட்டடம் என்று குறை சொல்லவேண்டியதில்லை. சுவர் முழுவதும் சன்னல்தான், ஒரு நூல் அகலத்தில்.

உடனே எல்லாவற்றையும் அடிக்காததில் இன்னொரு லாபம் இருந்தது. தாளோடு இருக்கும் கதிர் நன்றாகத் தாங்கும். விலை ஏறும்வரை பொறுத்து, அவ்வப்போது தேவையானதை மட்டும் அடித்து விற்கலாம். அடித்த கணக்கைக் கோலில் வெட்டுக்குறி போட்டு வைப்பது அக்கால வழக்கம். கோலை நெடுக்கப் பிளந்து ஆளுக்குப் பாதி. பொய்க் கணக்கு எழுதினால் இரண்டு பாதியும் சேராது.

1543இல் கல்லூரி இந்த நிலத்தை எட்டாம் ஹென்றியிடம் மாற்றிக்கொண்டது. 1547இல் அது சர் வில்லியம் பேஜெட் கைக்குப் போனது. மடம், பள்ளிக்கூடம், மன்னர், பிரபு என்று மேலே ஆள் மாறிக்கொண்டே இருந்தாலும் கீழே களத்தில் கோல் சுழல்வது நிற்கவில்லை. கட்டடத்தின் வேலையை முதன்முதலில் மாற்றியது ஒரு கருவி. 1786இல் ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ மெய்கிள் கதிரடிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். அது தெற்கே பரவியபோது கூலி ஆட்களுக்குக் குளிர்காலமே போயிற்று. வேறு வேலை கிடைக்காத மாதங்களில் அவர்களுக்கு இருந்த ஒரே வருமானம் கதிரடிப்பு. 1830இல் தென் இங்கிலாந்து முழுக்க ஆட்கள் கூட்டமாகப் போய் இயந்திரங்களை உடைத்தார்கள். 'ஸ்விங் கலகம்' என்று பெயர். பலர் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். ஆனாலும் கடைசியில் நிலைத்தது இயந்திரம்தான்.

உள்களத்துக்கு அப்புறம் அவசியமில்லை. ஆனாலும் கொட்டகை சும்மா இருக்கவில்லை. வைக்கோல், வண்டி, கருவி, பிறகு டிராக்டர் என்று எதையாவது வைத்துக்கொண்டே இருந்தார்கள். இந்தப் பக்கத்து மண் நல்ல வளமான மண். லண்டன் பெருத்ததும் பழத்தோட்டமும் காய்கறித் தோட்டமும் பெருகின. காலையில் காய்கறி ஏற்றிப்போன வண்டி, நகரத்துக் குதிரைச் சாணத்தை எருவாக ஏற்றித் திரும்பும்.

வேலை போன பிறகு

1944இல் போர்க்கால அதிகாரத்தைக் காட்டி, பக்கத்திலிருந்த ஹீத் ரோ என்ற சின்ன ஊரையும் அதைச் சுற்றிய விளைநிலத்தையும் விமானத்தளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். 1946இல் அது பயணிகள் விமான நிலையம். வடக்கே எம்4 நெடுஞ்சாலை வந்தது. ஹார்மண்ட்ஸ்வொர்த் நடுவில் மாட்டிக்கொண்ட கிராமம் ஆயிற்று. கொட்டகையின் விவசாய வேலை 1970கள் வரை ஓடியது. 1972இல் தீப்பிடித்து ஒரு பகுதி சேதப்பட்டுச் சரிசெய்யப்பட்டது.

அதன் பிறகுதான் ஆபத்து. 1980களில் ஒரு கட்டுமான நிறுவனம் வாங்கிப் பழுது பார்த்தது; பிறகு அது நொடித்துப்போனது. 2006இல் அந்த ஒரு பவுண்டு விற்பனை. விமான நிலையம் விரிந்தால் இழப்பீடு கிடைக்கும் என்ற கணக்கில்தான் வாங்கியிருக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. கணக்கு எதுவானாலும் கட்டடத்தைப் பூட்டிப்போட்டார்கள். ஓடு சரிந்தது, யாரும் ஏறவில்லை. ஓட்டுக் கூரையின் விதி நமக்கும் தெரிந்ததுதான்: ஒரு ஓடு போன அன்றே மாற்றினால் ஒரு ஓட்டுக் காசு, ஒரு மழைக்காலம் விட்டால் கைமரம், இன்னும் விட்டால் உத்தரம்.

வேலையில்லாத கொட்டகைக்கு என்ன நேரும் என்பதற்கு கெண்ட்டில் ஓர் உதாரணம் இருந்தது. ஃப்ரிண்ட்ஸ்பரியில் நின்ற கொட்டகை இதைவிடவும் நீளமானது, கிட்டத்தட்ட அதே காலம். 2003இல் தீயில் ஒரு பகுதி போய்விட்டது.

இங்கே ஊர்க்காரர்கள் விடவில்லை. எழுதினார்கள், நச்சரித்தார்கள். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது: பட்டியலில் உள்ள கட்டடம் கெட்டுக்கொண்டிருக்க உரிமையாளர் பார்த்துக்கொண்டிருந்தால், அவசர வேலையை அரசு அமைப்பே செய்துவிட்டுச் செலவை அவரிடம் கேட்கலாம். 2009இல், அப்போது அரசின் பழங்கட்டடப் பாதுகாப்பு அமைப்பாக இருந்த இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அதைப் பயன்படுத்திக் கூரையை ஒட்டுப்போட்டது. பிறகு செலவு யாருடையது என்று இழுபறி. கடைசியில் 2012 தொடக்கத்தில் அந்த அமைப்பே 20,000 பவுண்டுக்குக் கொட்டகையை வாங்கியதாக அறிவித்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பவுண்டுக்கு வேண்டாம் என்றதை. இதைச் சொல்லிக் குத்திக்காட்டுவது சுலபம். ஆனால் நான் அவர்களைப் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். பழங்கட்டடத்தின் விலை எப்போதும் சின்னத் தொகை, அதைத் தொடர்ந்து வைத்திருப்பதுதான் பெரிய தொகை. வாங்கினால் கூரை நம் தலையில் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கூரை ஓட்டை இறக்கி வேய்ந்து, கெட்ட மரத்துக்குப் பதில் தேவையான அளவு மட்டும் புதிய ஓக் ஒட்டி, 2015இல் மறுபடி திறந்தார்கள். கோடை மாதங்களில் குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர்த் தன்னார்வலர்கள் கதவைத் திறந்துவைத்துச் சுற்றிக் காட்டுகிறார்கள். கட்டணம் இல்லை.

இதில் எனக்குப் பிடித்த முடிவு, செய்யாமல் விட்டதுதான். இங்கிலாந்தில் பழைய கொட்டகைகளில் பல வீடாகவோ கல்யாண மண்டபமாகவோ மாறிவிட்டன. வீடாக்கினால் நடுவில் தளம் போட வேண்டும், சுவரில் சன்னல் வெட்ட வேண்டும், குளிருக்குத் தூணை மூடிப் பஞ்சு திணிக்க வேண்டும். வெளியிலிருந்து கொட்டகை மாதிரி இருக்கும். 192 அடிக்கு ஒரே வெற்றிடமாக ஓடுவதுதான் இந்தக் கட்டடம் என்னும்போது, அதைத் தடுத்துவிட்டால் எதைப் பாதுகாத்தோம்? ஹார்மண்ட்ஸ்வொர்த்தில் அது வெற்றிடமாகவே இருக்கிறது. கல்யாண மண்டபமாக்கியிருந்தால் வருமானம் வந்திருக்கும் என்ற வாதமும் நியாயமானதே. வேலையிழந்த கட்டடத்துக்குப் புதிய வேலை கொடு என்றுதான் நானே இதுவரை சொல்லிவந்திருக்கிறேன். ஆனால் கிரெஸ்ஸிங் டெம்பிள் போன்ற இடங்களில் சுற்றுப்புறம் விசாலமாக இருக்கிறது. இங்கே தெரு குறுகல், பக்கத்தில் தேவாலயம், மேலே விமானம். எல்லா இடத்துக்கும் ஒரே மருந்து ஆகாது.

மிச்சமிருக்கும் கேள்வி ஓடுபாதை. அரசு அமைத்த விமான நிலைய ஆணையம் 2015இல், ஹீத்ரோவின் வடமேற்கே மூன்றாவது ஓடுபாதை போடலாம் என்று பரிந்துரைத்தது. 783 வீடுகள் போகும் என்பது அதன் கணக்கு. அதில் ஹார்மண்ட்ஸ்வொர்த்தின் பெரும்பகுதி அடங்கும். 2018இல் நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. 2020 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது, அதே டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது. 2025 ஜனவரியில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் திட்டத்துக்கு மறுபடி ஆதரவு தெரிவித்தார். ஆணையத்தின் வரைபடப்படி கொட்டகையும் புனித மேரி தேவாலயமும் வேலிக்கு வெளியே தப்பும். கதவைத் திறந்துவைக்கும் தன்னார்வலர்கள் ஊர்க்காரர்கள். இடிபட இருப்பது அந்த ஊரின் வீடுகள். 2009இல் கூரைக்கு ஆள் வந்ததே ஊர்க்காரர்கள் நச்சரித்ததால்தான் என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் கணக்கில் எடுத்தாக வேண்டும்.